லிட்டருக்கு எத்தனை மைல்? காசிமேடு விசைப்படகின் டீசல் கணக்கு

2023 ஆகஸ்ட் 18, மண்டபம். மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். விசைப்படகுக்கு வருஷத்துக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசல் இனி 19,000 லிட்டர். எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் என்பது 4,400 ஆகும். காசிமேட்டிலும் இது நல்ல செய்திதான். யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் இந்தச் செய்தியில் ஒரு கேள்வி மட்டும் எப்போதும் இருப்பதில்லை. அந்த 19,000 லிட்டரை வைத்துக்கொண்டு படகு எவ்வளவு தூரம் போகும்?

பைக் வாங்கும்போது நாம் முதலில் கேட்பது மைலேஜ். இ-ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ரேஞ்ச் பயம் நன்றாகத் தெரியும். 20 சதவீதத்துக்குக் கீழே போனாலே கண் திரையிலிருந்து நகராது. கடலுக்குள் நூறு கடல் மைல் தாண்டிப் போகிற படகுக்கு இந்த ரெண்டையும் யாருமே கேட்பதில்லை. எத்தனை லிட்டர் கொடுத்தோம் என்பது மட்டும்தான் அரசு பேசும் கணக்கு. என் வாதம் இதுதான்: லிட்டரைக் கூட்டிக் கொடுப்பது அவசியம்தான், ஆனால் அது பாதி உதவி. லிட்டருக்கு எத்தனை மைல் என்பதைக் கூட்டுவதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதியை ரொம்ப வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம்.

19,000 லிட்டர் எத்தனை நாள்?

முதலில் காசு. தமிழ்நாட்டில் டீசலுக்கு வாட் வரி 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. 2024 மார்ச்சில் விலையை 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் டீசல் 92 ரூபாயை ஒட்டி வந்தது. அந்த விலையில் மாநில வரி மட்டும் லிட்டருக்கு 17, 18 ரூபாய் இருக்கும். 19,000 லிட்டருக்கு மூணேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் ஒரு படகுக்குச் சலுகை. (ஒன்றிய அரசின் கலால் வரி இதில் சேராது. அதற்குள் சாலைக்கான செஸ்ஸும் ஒளிந்திருக்கிறது. கடலில் எந்த ரோடு என்று மீனவர் சங்கங்கள் ரொம்ப காலமாகக் கேட்கின்றன. நியாயமான கேள்வி.)

இப்போது எஞ்சின். டீசல் எஞ்சினுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் எடுக்க சுமார் 0.2 லிட்டர். எஞ்சின் பழசானால் இது கூடும். 140 குதிரைத்திறன் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்கு 28 லிட்டர். வலை இழுப்பது, மெதுவாகப் போவது எல்லாம் சேர்த்து சராசரியாக 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 19,000 லிட்டர் 950 மணி நேரம் வரும். இடைவிடாமல் ஓட்டினால் 40 நாள்கூட வராது.

பத்து நாள் தங்கி மீன்பிடிக்கிற படகில் எஞ்சின் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடுகிறது என்றால், ஒரு டிரிப்புக்கு 3,600 லிட்டர். வரிவிலக்கு டீசல் அஞ்சு டிரிப்பில் தீர்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தைக் கழித்தாலும் வருஷத்தில் 300 நாளுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அந்த நாட்களில் பெரும்பாலானவற்றுக்கு முழு விலை டீசல்தான்.

ஃபைபர் படகு கதை வேறு. 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் மணிக்கு 2 லிட்டர் குடிக்கும். 4,400 லிட்டரில் 2,200 மணி நேரம் ஓடலாம். கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஏழு மணி நேரம். திருவொற்றியூர், எண்ணூர் கரையிலிருந்து காலையில் போய் மதியம் திரும்புகிற படகுக்கு இது ஓரளவு கட்டுப்படியாகும். அதனால் டீசல் விலை ஏறும்போது முதலில் கழுத்து இறுகுவது பெரிய படகுக்குத்தான். பெரிய படகு என்றால் பெரிய முதலாளி என்று நினைக்க வேண்டாம். அதில் வேலை பார்க்கிற ஏழெட்டு பேரைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

9 நாட் என்கிற சுவர்

ரோட்டில் ஓடுகிற வண்டிக்கும் தண்ணீரில் ஓடுகிற படகுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். காசிமேட்டில் நிற்கிற விசைப்படகு மாதிரி கனமான படகு, தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் போகும்; தண்ணீருக்கு மேல் எழும்பிப் போகாது. அந்த வகைப் படகு எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை எஞ்சினைவிட அதன் நீளம்தான் முடிவு செய்கிறது. தண்ணீரைத் தொடுகிற நீளம் 14 மீட்டர் என்றால், சிக்கனமான வேகத்தின் உச்சம் சுமார் 9 நாட். அதாவது மணிக்கு 9 கடல் மைல், நம்ம கணக்கில் 16, 17 கிலோமீட்டர். அதற்கு மேல் போக நினைத்தால், படகு தானே கிளப்பிய அலையின் மேல் தானே ஏற வேண்டும். டீசல் எரியும், சத்தம் கூடும், புகை வரும், வேகம் மட்டும் பெரிசாக ஏறாது.

அந்த உச்சத்துக்குக் கீழேயும் விஷயம் இருக்கிறது. வேகத்தைக் கூட்டத் தேவைப்படும் சக்தி, ஏறக்குறைய வேகத்தின் கன அளவில் ஏறுகிறது. ஸ்கூல் கணக்குதான். 9 நாட்டிலிருந்து 8 நாட்டுக்கு இறங்கினால் வேகம் 11 சதவீதம் குறையும்; மணிக்கு எரியும் டீசல் 30 சதவீதம் குறையும். அதே தூரத்துக்கு எரியும் டீசல் 21 சதவீதம் குறையும்.

மேப்பில் பார்ப்போம். காசிமேட்டுப் படகுகள் ஆந்திரக் கடல் வரை போவது புதிதில்லை. மசூலிப்பட்டினத்துக்கு எதிரே உள்ள கடல் நேர்கோட்டில் சுமார் 190 கடல் மைல். போக வர 380. 9 நாட்டில் போனால் 42 மணி நேரம், 1,180 லிட்டர். 8 நாட்டில் போனால் 47 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், 935 லிட்டர். அஞ்சேகால் மணி நேரம் கூடுதலாகக் கடலில் இருந்தால் 245 லிட்டர் மிச்சம். முழு விலையில் 22,500 ரூபாய். இது போக்குவரத்துக்கு மட்டும். வலை இழுக்கிற டீசல் தனி.

இதை வேறு மாதிரியும் பார்க்கலாம். அதே 1,180 லிட்டரை வைத்துக்கொண்டு 8 நாட்டில் போனால் 480 கடல் மைல் போகலாம். டேங்கைப் பெரிசாக்காமல், மானியத்தைக் கூட்டாமல், ரேஞ்ச் 100 கடல் மைல் கூடுகிறது.

ராயபுரம் கடற்கரையிலிருந்து பார்த்தால் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் கப்பல்கள் தெரியும். அந்தக் கப்பல் கம்பெனிகள் 2008 நிதி நெருக்கடியை ஒட்டிய வருஷங்களில் செய்த முக்கியமான காரியம் இதுதான். மெர்ஸ்க் உட்பட உலகின் பெரிய கம்பெனிகள் 24, 25 நாட்டில் ஓடிய கப்பல்களை 20-க்கும் கீழே இறக்கின. சரக்கு சில நாள் தாமதமாக வந்தது. எரிபொருள் செலவு மளமளவென்று இறங்கியது. கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பவர்கள் வேகத்தைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். கந்து வட்டிக்கு டீசல் போடுகிறவர்கள் ஃபுல் த்ராட்டிலில் போகிறார்கள்.

ரெண்டு எஞ்சின் இருந்தா?

இந்தத் தலைப்பில் பேச ஆரம்பித்தால் கட்டாயம் வரும் கேள்வி இது. ஒரு எஞ்சின் நின்றால் இன்னொன்று கைகொடுக்கும், சும்மா போகும்போது ஒன்றை அணைத்துவிட்டு டீசல் மிச்சம் பிடிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பாதுகாப்பு என்கிற முதல் பாதி உண்மை. 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து கிளம்பிய ஒரு விசைப்படகு எஞ்சின் பழுதாகி, காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கமெல்லாம் மிதந்து, செப்டம்பரில் மியான்மர் கடலில் கண்டுபிடிக்கப்பட்டது. வங்காள விரிகுடாவை முழுசாகக் குறுக்கே கடந்திருக்கிறது அந்தப் படகு. ஒற்றை எஞ்சின் நின்றால் ரேஞ்ச் என்பதற்கே அர்த்தம் இல்லை.

ஆனால் மிச்சம் என்கிற இரண்டாவது பாதி ஏமாற்றும். பழைய இரட்டை எஞ்சின் படகில் ஒன்றை அணைத்துவிட்டுப் போனால், அணைத்த பக்கத்துப் புரொப்பல்லர் சும்மா தொங்கிக்கொண்டு தண்ணீரை இழுக்கும். ஒரே பக்கத்திலிருந்து தள்ளுவதால் படகு ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதைச் சரிக்கட்ட சுக்கானைச் சாய்த்தே பிடிக்க வேண்டும், அதுவும் ஒரு பிரேக் மாதிரிதான். சில கியர்பாக்ஸ்களில் எஞ்சின் ஓடாதபோது ஷாஃப்ட் தானாகச் சுற்றினால் எண்ணெய் போகாமல் பேரிங் காலியாகும். இதையும் மீறி டீசல் குறைகிறது என்றால், பெரும்பாலும் அது ஒரு எஞ்சினை அணைத்ததால் இல்லை, படகு மெதுவாகப் போனதால். ரெண்டையும் ஓட்டிக்கொண்டே அதே வேகத்துக்கு இறங்கினாலும் கிட்டத்தட்ட அதே மிச்சம் கிடைக்கும்.

வேகமான ரோந்துப் படகுகளுக்கு இன்னொரு சிக்கல். அவை தண்ணீருக்கு மேல் எழும்பிச் சறுக்கிப் போகிற வகை. தலா 300 குதிரைத்திறனில் ரெண்டு எஞ்சின் என்று வைத்தால் முழு வேகத்தில் மணிக்கு 120 லிட்டர். 30 நாட்டில் போனால் ஒரு கடல் மைலுக்கு 4 லிட்டர். 1,000 லிட்டர் டேங்கில் காகிதத்தில் 250 கடல் மைல் வரும். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்கிற பழைய விதியைப் பின்பற்றினால், கரையிலிருந்து 83 கடல் மைலைத் தாண்டக் கூடாது. பாதி வேகத்துக்கு இறக்கினால் சரியாகிவிடுமா? ஆகாது. எழும்பியும் எழும்பாமலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகிற அந்த நடு வேகம்தான் மைலுக்கு அதிகம் குடிக்கும். ஒன்று முழுசாக எழும்பணும், இல்லை நன்றாக மெதுவாகப் போகணும்.

கேரளாவில் இது நடைமுறையிலேயே நடந்த கதை. வளையவலை போடுகிற பெரிய வள்ளங்கள் ரெண்டு, மூணு அவுட்போர்டு மாட்டிக்கொண்டு ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அதே சக்திக்கு டீசலைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு குடிக்கும். பின்னால் அந்த வள்ளங்களில் பல, படகுக்குள்ளேயே பொருத்தும் ஒரே டீசல் எஞ்சினுக்கு மாறின.

எண்ணூரில் பிறந்த எஞ்சின்கள்

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. 1948-ல் ஆஸ்டின் கார்களைப் பொருத்த அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் தொழிற்சாலை எண்ணூரில்தான் இருக்கிறது. லாரிக்குச் செய்த எஞ்சினைக் கடலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி அந்தக் கம்பெனி விற்றது. தமிழ்நாட்டு விசைப்படகுகளில் அது பல வருஷம் ஓடியது, இன்னும் ஓடுகிறது. வடசென்னையில் எந்தப் பட்டறையிலும் கழற்றி மாட்டத் தெரிந்த எஞ்சின், ஸ்பேர் உடனே கிடைக்கும். புதுசு வாங்காமல் பழைய எஞ்சினையே திரும்பத் திரும்ப போரிங் போட்டு ஓட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்ஜெக்டர் தேய்ந்த எஞ்சின் கறுப்புப் புகை விடும். அது எரியாமல் போன டீசல், காசு.

எஞ்சினைவிட அதிகம் கவனிக்காமல் விடுவது புரொப்பல்லர். எஞ்சினுக்கும் கியருக்கும் படகுக்கும் பொருந்தாத விசிறி என்றால், நல்ல எஞ்சினும் வீண். பொதுவாகப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவது சிக்கனம். சின்ன விசிறி வேகமாகச் சுற்றுவது வீண்செலவு. இதைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். நடப்பில், பக்கத்துப் படகில் என்ன போட்டிருக்கிறதோ அதையே போடுவதுதான் வழக்கம்.

அடுத்து கொட்டலசு. படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் பாசியும். இதைப் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு: தடுப்புப் பெயின்ட் அடிக்காத படகின் எரிபொருள் செலவு ஒரு மாதத்தில் 7 சதவீதம் வரையும், ஆறு மாதத்தில் 44 சதவீதம் வரையும் கூடலாம். ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1999-ல் சிறு மீன்பிடிப் படகுகளுக்காக வெளியிட்ட எரிபொருள் சிக்கனக் கையேட்டில் இது இருக்கிறது. அந்தக் கையேடு இதை எங்கிருந்து எடுத்தது தெரியுமா? சென்னையிலிருந்து. 1979 முதல் அன்றைய மெட்ராஸைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடா திட்டம், 1986-ல் சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றித் தனியாக ஓர் ஆவணம் வெளியிட்டது. வேகத்தைக் குறை, விசிறியைப் பொருத்து, அடிப்பாகத்தைச் சுத்தமாக வை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊரிலிருந்தே எழுதி உலகத்துக்குப் போன பாடம், காசிமேட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் 2016-ல் 'சாகர் ஹரிதா' என்று ஒரு படகைக் கடலில் இறக்கியது. 19.75 மீட்டர் நீளம். அதே அளவுள்ள மற்ற படகுகளைவிட 20 சதவீதம் சின்ன எஞ்சின். இழுவலைப் படகில் டீசலின் பெரும்பகுதி போவது வலையை இழுக்கத்தான் என்பதால், தண்ணீரை எளிதாகக் கிழிக்கும் வலைப் பலகைகளையும் அந்த நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் எல்லாரும் பறக்கிறார்கள்?

இங்கேதான் மானியத்தைத் தாண்டி யோசிக்க வேண்டியிருக்கிறது. டிரைவருக்கு மெதுவாகப் போனால் டீசல் குறையும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் காசிமேட்டில் ஏலம் நடுராத்திரி தாண்டி சூடுபிடிக்கும். முதலில் வந்து சேரும் படகின் மீனுக்கு ஒரு விலை, பத்தாவதாக வரும் படகின் அதே மீனுக்கு வேறு விலை. அஞ்சு மணி நேரம் லேட் என்றால், சில நேரம் ஒரு ஏலமே போய்விடும். ஐஸ் உருகும். மிச்சம் பிடித்த 22,500 ரூபாய் அங்கே காணாமல் போகும். வீல்ஹவுஸில் நிற்கிறவர் கணக்குத் தெரியாமல் த்ராட்டிலை அழுத்தவில்லை. அவர் வேறொரு கணக்குப் போடுகிறார்.

இந்தப் போட்டி எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், அதிசக்தி எஞ்சின்களில். தமிழ்நாடு மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் விசைப்படகின் எஞ்சினை 240 குதிரைத்திறனோடும் நீளத்தை 24 மீட்டரோடும் நிறுத்துகின்றன. ஆனாலும் அதைத் தாண்டிய சீன எஞ்சின்கள் வந்ததும், அதை எதிர்த்து மற்ற மீனவர்கள் போராடியதும் காசிமேட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒருத்தர் போட்டால் பக்கத்தில் இருப்பவரும் போட்டாக வேண்டும். முடிவில் எல்லாரும் அதே வரிசையில்தான் வந்து சேர்கிறார்கள், டீசல் மட்டும் கூடுதலாக எரிந்திருக்கிறது. மீன் வளம் குறைவதைப் பற்றிப் பேசினால் அது தனிக் கட்டுரை.

அந்த டீசலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? முதலாளி என்று நினைத்தால், பாதிதான் சரி. விசைப்படகில் மாதச் சம்பளம் கிடையாது, பங்கு முறை. மீன் விற்ற பணத்திலிருந்து முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தைத்தான் படகு உரிமையாளரும் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்வார்கள். அப்படியென்றால் எரிகிற ஒவ்வொரு லிட்டரிலும் வலை இழுக்கிறவரின் பங்கு இருக்கிறது. தொழிலாளர் பங்கு 40 சதவீதம், ஆள் எட்டு என்று வைத்தால், மேலே சொன்ன மசூலிப்பட்டினம் டிரிப்பில் வீணான 245 லிட்டர், ஒவ்வொரு ஆளுக்கும் 1,100 ரூபாய்க்கு மேல். வேகத்தை முடிவு செய்வதில் மட்டும் அவருக்குப் பங்கு இல்லை.

இதனால்தான் மானியத்தை லிட்டரில் மட்டும் அளப்பதை நான் எதிர்க்கிறேன். மானியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. 'சலுகை கொடுப்பதால்தான் வீணடிக்கிறார்கள்' என்று ஏசி ரூமிலிருந்து பேசும் வாதத்திலும் எனக்கு உடன்பாடில்லை. அஞ்சு டிரிப்பில் தீர்ந்துபோகிற சலுகையை வைத்து யாரும் ஆட்டம் போட முடியாது. ஆனால் இன்னும் 1,000 லிட்டர் கொடுப்பதற்கு ஆகும் பதினேழாயிரம் சொச்சம் ரூபாயில், எஞ்சினில் ஒரு டீசல் மீட்டர் மாட்டி, தடைக்காலத்தில் அடிப்பாகத்துக்கு நல்ல தடுப்புப் பெயின்ட் அடிக்க உதவினால், அதைவிட அதிக லிட்டர் கையில் நிற்கும் என்றுதான் சொல்கிறேன். 61 நாள் எல்லாப் படகும் கரையில்தான் நிற்கின்றன. அந்த நேரத்தில் மீன்வளத்துறை ஒரு முகாம் போட்டு, படகுக்குப் படகு எஞ்சின், கியர், விசிறி பொருத்தம் பார்த்துக் கொடுக்கலாம். பழைய எஞ்சினை மாற்ற வங்கிக் கடனுக்கு வட்டி மானியம் கொடுக்கலாம். 240-ஐத் தாண்டிய எஞ்சினைக் கழற்றிவிட்டுச் சின்னதுக்கு மாறுகிறவருக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

தரவு வேண்டுமே என்றால், அதுவும் கிட்டத்தட்டக் கையில் இருக்கிறது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டுப் படகுகளிலும் மாட்டியிருக்கிறார்கள். படகு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு வேகத்தில் போனது என்றும் தெரியும். அதை அதிகாரிகளின் கண்காணிப்புத் திரையில் மட்டும் ஓடவிடாமல், 'இந்த டிரிப்பில் இத்தனை மணி நேரம் 9 நாட்டுக்கு மேல் போனீர்கள், இவ்வளவு டீசல்' என்று டிரைவரின் போனுக்கும், தொழிலாளிகளின் போனுக்கும் தமிழில் ஒரு மெசேஜாக அனுப்ப என்ன தடை? கண்காணிக்கிறார்கள் என்ற பயம் மீனவர்களிடம் இருக்கிறது, அது காரணம் இல்லாத பயமும் இல்லை. அதே கருவி அவர்களுக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தால், அந்தப் பேச்சு கொஞ்சம் மாறும்.

சூரைக்கு ஒரு துறைமுகம்

இதெல்லாம் இப்போது அவசரமாவதற்குக் காரணம் திருவொற்றியூர் குப்பத்தில் இருக்கிறது. சூரை மீன் பிடிக்கும் படகுகளுக்காக 272 கோடி ரூபாயில் கட்டிய மீன்பிடித் துறைமுகம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. சூரை கரையோரத்தில் கிடைக்கிற மீன் இல்லை. ஆழ்கடலுக்குப் போகணும், நாள்கணக்கில் தேடணும், பிடித்த மீனைக் கெடாமல் கொண்டு வரணும். சூரைத் தொழிலுக்கு ரேஞ்ச்தான் மூலதனம்.

ஆழ்கடலுக்கு ஆளை அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஏற்கெனவே ஒரு முறை பார்த்துவிட்டோம். 2017-ல் பாக் நீரிணை இழுவலைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகள் கொடுக்கும் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம், 70 சதவீதம் மானியம், மூணு வருஷத்தில் 2,000 படகு என்பது இலக்கு. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. கடன் சுமை, பயிற்சி, வேறு தொழில்முறை என்று காரணங்கள் பல. ஒவ்வொரு டிரிப்புக்கும் கையிலிருந்து போட வேண்டிய டீசல் காசும் அதில் ஒன்று.

புதுத் துறைமுகத்தில் பழைய எஞ்சினோடும், கொட்டலசு பிடித்த அடிப்பாகத்தோடும், பொருந்தாத விசிறியோடும் படகுகளை நிறுத்தினால், அவை போகிற தூரம் காசிமேட்டிலிருந்து போன தூரம்தான். இன்னொன்றையும் அங்கே செய்யலாம். ஏலம் முதலில் வருகிறவருக்குச் சாதகமாக இருப்பதற்குப் பெரிய காரணம், மீனைக் கரையில் வைத்துக் காக்க இடம் இல்லாதது. போதுமான குளிர்பதனக் கிடங்கும் ஐஸும், படகு எப்போது வந்தாலும் எடைக்கும் தரத்துக்கும் விலை சொல்கிற ஏலமும் திருவொற்றியூரில் அமைந்தால், டிரைவர் 8 நாட்டில் வருவதற்கு முதல் முறையாக ஒரு காரணம் கிடைக்கும். துறைமுகம் புதுசு, பழக்கங்கள் இன்னும் ஊறவில்லை. அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. முகாம் போட நினைத்தால் மீன்வளத்துறைக்கு அன்றிலிருந்து 61 நாள் இருக்கிறது.